முள்ளங்கி வேண்டாம்

நாற்பத்தொரு நாள் கழித்துத் தம்பி வந்தான்.
எங்கேயிருந்து என்று எங்கள் கட்டடத்தில் யாரும் கேட்கவில்லை.
யாங்கோன் லத்தா தெருக்களில்
நான்காவது மாடிவரை கேள்விகள் ஏறுவதில்லை,
படிகள் செங்குத்து.

சோற்றை வைத்தேன். பார்த்தான்.
சுவரையும் அப்படியே பார்த்தான்.

டான் பெங் ஹோக்கின் மருந்துக்கடையில்
சுவர் முழுக்க இழுப்பறைகள், ஒன்றிலும் பெயர் இல்லை.
“நாக்கை நீட்டு” என்றார் பர்மியத்தில்.
நீட்டினான்.
பேசாத நாக்கை ஒருவர் அத்தனை நேரம் படித்து
நான் பார்த்ததில்லை.
வெளுத்திருக்கிறது, ஓரமெல்லாம் பல் தடம்,
மண்ணீரலில் குளிர் குந்தியிருக்கிறது என்றார்.
பிறகு மணிக்கட்டில் மூன்று விரல்.
நம் வைத்தியருக்கு அங்கே வாதம் பித்தம் கபம்;
இவருக்கு வேறு மூவர் குடியிருந்தார்கள்.
தோலில் வளையமாய்க் கிடந்த இன்னொரு தடத்தை
அவர் விரல் மிதிக்காமல் தாண்டியது.

பழுப்புக் காகிதத்தில் கொட்டினார்:
நாக்கை அழுத்தும் தட்டைக்குச்சி போலச் சீவிய வேர்,
உலர்ந்த வள்ளிக்கிழங்குத் துண்டம், சுண்ணாம்பாய் வெளுத்தது,
பதினொரு சிவப்பு இலந்தை.
இலந்தையைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்தது,
உறவுக்காரரைக் கூட்டத்தில் கண்டதுபோல.

கருங்கோழி வாங்கு. இஞ்சியைத் தோலோடு போடு,
தோல்தான் வீக்கத்தை வடிக்கும்.
“சுக்குக்குப் புறநஞ்சு” என்று முனகினேன்.
தமிழ் புரியாது; ஆனால் முனகல் புரிந்தது.
பாதி சீவு, பாதி சீவாதே என்றார்,
வட்டி பேசி முடித்தவர் போல.
கடைசியாக ஒன்று: முள்ளங்கி கூடவே கூடாது,
போட்ட பலத்தையெல்லாம் முறித்துவிடும்.
சாம்பாருக்கு அன்று காலைதான் வாங்கியிருந்தேன்.

கோழிக்காரன் கீழிருந்து மணியை ஆட்டினான்.
கயிற்றில் கவ்விய பையை இழுத்தேன்.
மூன்றாம் மாடி டோ ட்வே பால்கனியில்
துணி உதறுவதுபோல் நின்று
கறுத்த கால் தெரிவதைக் கண்டாள்.
“மருந்துக் கோழியா?” என்றவள்
அடுத்த மணியோசையில்
ஒரு கட்டு நீர்க்கீரை அனுப்பினாள்.

ஏழு மணிக்கு மின்சாரம் போனது.
கடன் வாங்கிய பித்தளைப் பானை,
நடுவில் புகைபோக்கி, அதற்குள் கரி.
ஜன்னலைத் திறந்தால் மழைச்சாரல்,
மூடினால் புகை.
திறந்தே வைத்தேன்.
வேர்கள் முதலில் மரக்கடை வாசனை விட்டன,
பிறகு கசப்பு, பிறகு
இலந்தை வெடித்து எல்லாவற்றையும் கொஞ்சம் மன்னித்தது.

இனிதான் கஷ்டம்.
“பரிமாறாதே” என்று சொல்லியிருந்தார்.
“அவனே போடட்டும், அவனே எடுக்கட்டும்.”
தட்டு காலியாகுமுன் கரண்டி நீளும் வம்சம் என்னுடையது.
கையைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்தேன்.

ஒரு காளான் துண்டை எடுத்தான்.
வெகுநேரம் பிடித்துக்கொண்டே இருந்தான்.
போட்டான்.
கொதி அதைச் சுழற்றிப் புகைபோக்கிக்குப் பின்னால் கொண்டுபோனது.
குச்சியால் துழாவினான், கிடைக்கவில்லை.
எழுந்து நின்று மெழுகுவர்த்தியைப் பிடித்து
பானைக்குள் எட்டிப் பார்த்தான்,
கிணற்றில் வாளி விட்டவன் போல.
என் பக்கம் மிதந்து வந்தது. சும்மா இருந்திருக்கலாம்.
பழக்கதோஷம், கை போய்விட்டது.

“அக்கா,” என்றான், “அது என்னுது.”

குரல் கரகரத்தது, துரு ஏறிய கீல்.
நான் காளானை விட்டேன்.
அவன் பிடித்தான், ஊதினான், தின்றான்.
அப்புறம் கோழியின் கழுத்தைத் தேடினான்,
சின்ன வயதிலும் அதற்குத்தான் சண்டை.

வேறெதுவும் பேசவில்லை.
அடிக்குழம்பில் சேமியாவைப் போட்டேன்,
இருவரும் சத்தமாக உறிஞ்சினோம்.
கீழே யாரோ ஜெனரேட்டரை முடுக்கினார்கள்,
அது இருமி நின்றது.

மருந்து ஏழு பொட்டலம், ஆறு பாக்கி.
கூடையில் முள்ளங்கி கிடக்கிறது,
இலை மட்டும் பழுத்திருக்கிறது.
டோ ட்வேக்கு இறக்கிவிடலாம் என்று
கயிற்றில் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.